உதவி: டிவிடி பிளேயரில் வீடியோ ஓடவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும்

காசிமேடு கேப்டன்:
அவசரம். தங்கச்சி மகளின் காதுகுத்து வீடியோவை டிஸ்கில் ஏற்றினேன். கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறது, ஆயா வீட்டு பிளேயரில் போட்டால் டர்ர் டர்ர் என்று சுற்றிவிட்டு "நோ டிஸ்க்" என்கிறது. இரண்டு டிஸ்க் வீண். என்ன செய்ய?

மூலக்கடை மெக்கானிக்:
என்ன பிளேயர்? என்ன ஃபைல்? எந்த சாஃப்ட்வேரில் ரைட் செய்தீர்கள்? டிஸ்க் எந்த வகை, மைனஸ் ஆரா (DVD-R), பிளஸ் ஆரா (DVD+R)?

பழைய ஒயர்:
லென்ஸில் தூசி. நூற்றுக்குத் தொண்ணூறு அதுதான். காட்டன் பட்ஸில் துடையுங்கள்.

காசிமேடு கேப்டன்:
கடையில் வாங்கிய படம் எல்லாம் ஓடுகிறதே. ஃபைல் சாதாரண வீடியோதான்.

டிஜிட்டல் வாத்தியார்:
"சாதாரண வீடியோ" என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது தம்பி. இதற்கு இங்கே எத்தனை தடவை பதில் எழுதியிருக்கிறேன்! கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

வியாசை:
எதற்கு இந்தப் பாடு? பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள்.

காசிமேடு கேப்டன்:
பிளேயரில் யூஎஸ்பி இல்லை. டிவியும் பழைய டப்பா டிவி. ஆயாவுக்கு முட்டி வலி, விசேஷத்துக்கு வர முடியவில்லை. பிள்ளையை மடியில் வைத்திருந்த தாய்மாமன் நான்தான், அதைப் பார்க்க வேண்டும் என்று தினமும் கேட்கிறார். போனில் எடுத்தது, எம்பி4, 1 மணி 50 நிமிடம். விண்டோஸில் இழுத்துப் போட்டு ரைட் கொடுத்தேன்.

மூலக்கடை மெக்கானிக்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே கேப்டன்! நீங்கள் செய்தது டேட்டா டிஸ்க், அதாவது வட்டமான பென் டிரைவ். அந்தக் காலத்து பிளேயருக்கு எம்பி4 என்றால் என்னவென்றே தெரியாது. அதற்கு வீடியோ எம்பெக்-2 என்ற வடிவத்துக்கு மாற வேண்டும். நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் படம் 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 ஃப்ரேம். ஆடியோ ஏசி3 வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ். போனில் வரும் ஏஏசி ஆடியோ ஆகாது. அப்புறம் அதை டிவிடிக்கே உரிய விஓபி, ஐஎஃப்ஓ ஃபைல்களாக்கி வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டருக்குள் வைக்க வேண்டும். அந்த ஃபோல்டர் இல்லாவிட்டால் பிளேயர் தேடிவிட்டுக் கைவிரித்துவிடும்.

பழைய ஒயர்:
ஹேண்ட்பிரேக் சாஃப்ட்வேர் போதும், இலவசம்.

மூலக்கடை மெக்கானிக்:
அண்ணே, அது டிவிடியை எம்பி4 ஆக்கும், எம்பி4-ஐ டிவிடி ஆக்காது. டிவிடிஸ்டைலர் என்ற சாஃப்ட்வேர் போடுங்கள் கேப்டன், அதுவும் இலவசம். பால் என்று தேர்ந்தெடுத்து வீடியோவை உள்ளே இழுத்தால் மாற்றுவது, ஃபோல்டர் போடுவது, ரைட் செய்வது மூன்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். 4.7 ஜிபி டிஸ்கில் உங்கள் வீடியோ நீளத்துக்கு பிட்ரேட், அதாவது நொடிக்கு எவ்வளவு டேட்டா என்பது, 5 எம்பிபிஎஸ் வைத்தால் அடங்கும். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்திருந்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், பயப்படாதீர்கள். ரைட் செய்யும் வேகத்தை 4எக்ஸ் என்று வையுங்கள்.

டிஜிட்டல் வாத்தியார்:
எல்லாம் சரி, டிஸ்க் மைனஸ் ஆராக இருக்க வேண்டும். பழைய பிளேயர்கள் பல பிளஸ்ஸைத் தொடாது. மைனஸ் 1997இலேயே வந்தது, பிளஸ் 2002இல்தான். இது அடிப்படை.

வியாசை:
என் வீட்டில் பிளஸ் ஆர் பத்து வருஷமாக ஓடுகிறதே வாத்தியாரே, அதற்கு யார் பாடம் எடுத்தது?

டிஜிட்டல் வாத்தியார்:
ஒரு வீட்டு அனுபவம் விதி ஆகாது.

பழைய ஒயர்:
டிஸ்க் எங்கே வாங்கினீர்கள் என்பதுதான் விஷயம். பர்மா பஜாரில் கட்டாக வாங்கிய காலத்தில் ஒன்றுகூட வீணானதில்லை.

வியாசை:
பர்மா பஜாரா! கூடவே பேரம் பேச ஒரு ஆளையும் கூட்டிப் போக வேண்டும். ரிச்சி தெருதான் சரி.

பழைய ஒயர்:
ரிச்சி தெருவில் மட்டும் தட்டில் வைத்துக் கொடுக்கிறார்களா? நான் பாரிமுனையிலேயே வளர்ந்தவன்.

மூலக்கடை மெக்கானிக்:
கடைச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கேப்டன், ரைட் செய்த டிஸ்கைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ரைட் ஆன பகுதி உள்ளேயிருந்து வெளியே நிறம் மாறித் தெரியும். முன்பு மெல்லிய வளையமாக இருந்திருந்தால், இப்போது கிட்டத்தட்ட விளிம்பு வரை வர வேண்டும்.

(மூன்று நாள் கழித்து)

காசிமேடு கேப்டன்:
ஓடிவிட்டது. அவசரத்தில் முதலில் 16எக்ஸ் வைத்தேன், பந்தி வரும்போது கட்டம் கட்டமாகி நின்றுவிட்டது. 4எக்ஸில் போட்டது கடைசிவரை ஓடுகிறது. ஆயா மூன்றாவது தடவை பார்க்கிறார். நன்றி மெக்கானிக் அண்ணே.

டிஜிட்டல் வாத்தியார்:
டிஸ்க் மைனஸ்தானே?

வியாசை:
கேப்டன், அது பிளஸ்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

டிஜிட்டல் வாத்தியார்:
கேப்டன்?