ஆன்டிமனி ஆய்வுக்குப் பிளாட்டினக் குழாய் தகுமா?

பாளை ஆசிரியர்:
450 டிகிரி செல்சியஸில், உயர் அழுத்த நீரில் ஆன்டிமனி என்ற தனிமம் எவ்வளவு கரையும் என்று அளக்க எங்கள் கல்லூரி மாணவி ஒருவர் முனைகிறார். பிளாட்டினக் குழாயில் அடைத்து முனைகளைப் பற்றவைக்கச் சொன்னேன். 1768 டிகிரியில் உருகும் உலோகம். எளிதில் எதனோடும் சேராது. வேண்டாம் என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

அம்பை ஆய்வாளர்:
வேண்டாம் அண்ணாச்சி. பிளாட்டினக் கிண்ணத்தில் ஆன்டிமனியைச் சுடக்கூடாது என்பது ஆய்வுக்கூடப் பால பாடம். குழாய்ச் சுவர் ஆன்டிமனியை இழுத்துக்கொண்டால், மிச்சத்தை அளந்து அதையா கரைதிறன் என்று எழுதுவது?

பாளை ஆசிரியர்:
தம்பி, அந்த விதி உருகிய ஆன்டிமனிக்கு. அது உருக 630 டிகிரி வேண்டும்.

அம்பை ஆய்வாளர்:
உருகவே வேண்டாம். கந்தகம் குறைந்த சூடான நீரில் ஆன்டிமனி பெரும்பாலும் ஹைட்ராக்சைடு மூலக்கூறாகக் கரைந்திருக்கிறது. ஹைட்ரஜன் அதிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கி ஒடுக்கினால், ஆன்டிமனி பிளாட்டினத்தோடு சேர்ந்துவிடும். அப்படி இரண்டு ஹைட்ராக்சைடு மூலக்கூறுகளும் மூன்று ஹைட்ரஜனும் ஒரு பிளாட்டினம் அணுவும் வினைபுரிந்தால், பிளாட்டினம் டைஆன்டிமனைடு என்ற சேர்மமும் ஆறு நீர் மூலக்கூறுகளும் கிடைக்கும். ஹைட்ரஜன் எங்கிருந்து வரும் என்பீர்கள். அழுத்தக் கலத்தின் எஃகுச் சுவர் நீரோடு வினைபுரிந்தே அதைத் தரும். சூடான பிளாட்டினம் அதை உள்ளே விடும். இந்த ஊடுருவலை வைத்தே 1950களில் புவிவேதியியலாளர் ஹான்ஸ் யூக்ஸ்டர், ஒரு குழாய்க்குள் இன்னொன்றை வைக்கும் தம் இரட்டைக் குழாய் முறையை அமைத்தார். அதே சேர்மம் இயற்கையில் கெவர்சைட் என்ற கனிமமாகவும் இருக்கிறது.

பாளை ஆசிரியர்:
கெவர்சைட் சாட்சியாகாது. தென்னாப்பிரிக்காவில் அது கிடைத்தது மாக்மாவில் பிறந்த பாறையில். நீர்தான் அதை உண்டாக்கியது என்று எப்படிச் சொல்வாய்? ஹைட்ரஜன் வாதத்தை ஏற்கிறேன். ஆனால் யூக்ஸ்டர் காட்டிய வழியிலேயே வெளிக் குழாயில் ஹெமடைட், மாக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடுகளின் கலவையை வைத்து ஹைட்ரஜனைக் கட்டுப்படுத்தலாமே.

ரத வீதிப் பட்டறைக்காரர்:
பிளாட்டினத்தை விட்டுவிட்டுத் தங்கக் குழாய் பயன்படுத்தலாமா என்று இங்கே யாரும் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். ஆன்டிமனியோ ஈயமோ சிறிது கலந்தாலும் தங்கம் தட்டும்போது விரிசல் விடும்.

அம்பை ஆய்வாளர்:
உண்மை. தங்கத்துக்கும் ஆரோஸ்டிபைட் என்ற ஆன்டிமனிச் சேர்மம் உண்டு. சிலிக்காக் குழாயோ சூடான நீரில் தானே கரையும். அண்ணாச்சி சொல்லும் கட்டுப்பாடு நல்லதுதான், ஆனால் ஹைட்ரஜனின் எல்லையைக் கணக்கிட்டுத்தான் வைக்க வேண்டும். தனி ஆன்டிமனி படிவதற்குத் தேவையானதைவிடக் குறைந்த ஹைட்ரஜனே பிளாட்டினத்தோடு சேரப் போதும். சேரும்போது ஆற்றல் இன்னும் இறங்குகிறதே!

பாளை ஆசிரியர்:
கணக்கிடச் சொல்கிறேன். குழாயைத் திறந்ததும் சுவரைக் குறுக்கே வெட்டி மின்னணு நுண்ணோக்கியில் பார்க்கட்டும். ஆன்டிமனி ஏறியிருந்தால் அந்த அளவீடு எதையும் ஆய்வேட்டில் சேர்க்க விடமாட்டேன்.