மணவாளக்குறிச்சி மணலும் கேன்சர் கணக்கும்

குளச்சல்காரன்: "கருநாகப்பள்ளி ஆய்வோடு விஷயம் முடிந்தது, கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் இயற்கையாகவே கதிர்வீச்சு உள்ள தோரியம் மணலால் கேன்சர் என்பது புரளி" என்று பாறசாலைவாசி நேற்று எழுதியதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. கேரளத்தில் இதே மாதிரி மணல் உள்ள கருநாகப்பள்ளிக் கடலோரத்தில் நடந்த அந்த ஆய்வு எடுத்துக்கொண்டது 30 முதல் 84 வயது வரை உள்ளவர்களை. எங்கள் கடற்கரைத் தாய்மார்கள் கேட்பது பிள்ளைகளைப் பற்றி.

பாறசாலைவாசி: 69,958 பேர், சராசரியாகப் பத்தரை வருடம், 1,379 கேன்சர். வீட்டுக்குள்ளும் வெளியிலும் அளந்து கணக்கிட்டார்கள். கதிர்வீச்சு கூடக்கூட கேன்சர் கூடவில்லை. 2009இல் வெளிவந்தது. நீங்கள் போட்ட வரைபடத்தில் என்ன இருக்கிறது? நோயாளி வீடுகளுக்குப் புள்ளி வைத்துவிட்டு, புள்ளி நெருங்கிய இடத்தில் ஒரு வட்டம். சுவரில் சுட்டுவிட்டு, குண்டு பட்ட இடத்தைச் சுற்றிக் குறி வரைந்த மாதிரி.

குளச்சல்காரன்: 30 வயது. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் வாத்தியார்: வட்டத்தை முன்கூட்டியே போட்டுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நோய் நெருக்கத்தைத் தேட, புள்ளியியல்காரர் குல்டார்ஃபின் ஸ்கேன் முறை 1997லேயே வந்துவிட்டது. சின்னதும் பெரியதுமாக எல்லா இடத்திலும் வட்டம் போட்டுப் பார்க்கும். அப்புறம் நோயாளிகளைத் தற்செயலாகக் கலைத்துப் போட்டு, நூற்றுக்கணக்கான தடவை அதே தேடலைச் செய்து, இவ்வளவு நெருக்கம் தானாக வருமா என்று ஒப்பிடும். அதற்கு வயதுவாரி மக்கள்தொகை வேண்டும். வாலிபர்கள் வளைகுடாவில், ஊரில் முதியவர்கள். வயதைச் சரிக்கட்டாமல் எண்ணினால் எந்தக் கடலோரக் கிராமமும் கேன்சர் கிராமம்தான்.

பாறசாலைவாசி: அதையேதான் நானும் சொல்கிறேன் சாரே.

மார்த்தாண்டம் வாத்தியார்: இல்லை. நீங்கள் புரளி என்றீர்கள்.

கருங்கல் அக்கா: எங்கள் நோயாளிகள் நிறைய பேர் எல்லை தாண்டித் திருவனந்தபுரம் ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள். இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் மட்டும் எண்ணினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

பாறசாலைவாசி: சிகிச்சைக்குக் கேரளம் வேண்டும், அதன் ஆய்வு மட்டும் வேண்டாமாக்கும்.

குளச்சல்காரன்: எங்கள் விளவங்கோட்டு வயல்களுக்குத் தண்ணீர் வந்த நெய்யாறு இடதுகரைக் கால்வாயை 2004இல் அடைத்த கேரளத்துக்காரர்கள் உபகாரக் கணக்கு பேச வேண்டாம். துறைமுக விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் பாதியில் ஓடினீர்கள்.

பாறசாலைவாசி: ஓடவில்லை. என் அம்மா வீடு விளவங்கோடு, காய்ந்த வயல் எங்களுடையதும்தான். பிள்ளைகளுக்குக் கேன்சர் வருவது அபூர்வம். ஒரு ஊருக்கு எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஒன்றுக்கும் கீழே என்றால், இரண்டு பேருக்கு வந்தாலே பல மடங்கு என்று தெரியும். அபூர்வமானவை தற்செயலாக எத்தனை தடவை நடக்கும் என்று சொல்லும் பாய்சான் பரவலைப் படித்தவர்களுக்கு இது புரியும். வட்டத்தை எப்போது போட்டீர்கள், புள்ளி வைப்பதற்கு முன்பா பின்பா?

குளச்சல்காரன்: அபூர்வம் என்பதற்காக எண்ணவே வேண்டாமா? 30 வயதுக்குக் கீழே எண்ணிய கணக்கைக் காட்டுங்கள், அப்புறம் வட்டத்தைப் பேசலாம்.

பாறசாலைவாசி: முதலில் வட்டம்.