புதுப்பிப்பு: "எமது ஊர்" கட்டுரையும் என் கொட்டாவியும்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: தரம் 9 பிள்ளைகள் எல்லோரும் "இயற்கை எழில் கொஞ்சும் திருகோணமலை" என்றே கட்டுரையைத் தொடங்குகிறார்கள், திருத்துகிற எனக்கே கொட்டாவி வருகிறது என்று. நீங்கள் சொன்னபடி முதல் பந்தியை வெட்டிவிட்டு இரண்டாவதிலிருந்து வாசிக்கச் சொன்னேன். பாதிப் பேருக்கு அதுவே போதுமாக இருந்தது.

மற்றவர்களோடுதான் மல்லுக்கட்டு. ஒருவன் "கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன, ஒவ்வொன்றின் வெப்பமும் வேறு" என்று எழுதியிருந்தான். சரி, பிழையில்லை, ஆனால் அவன் அதில் எங்கே? "முதல் வாளியை யாரடா ஊற்றினது?" என்று கேட்டேன். அம்மம்மா என்றான். அடுத்த நாள் வந்தது இது: "அம்மம்மா வாளியைக் கவிழ்த்ததும் கத்தினேன். சூடு குறைவு என்று பக்கத்துக் கிணற்றுக்குக் கூட்டிப்போனா. அங்கே இன்னும் சுட்டது." வகுப்பில் வாசித்தபோது, வழக்கமாகத் தூங்கி வழியும் பின்வரிசையிலிருந்து "பிறகு?" என்று ஒரு குரல். இத்தனை வருஷத்தில் கட்டுரைப் பாடத்தில் அப்படியொரு கேள்வியை நான் கேட்டதில்லை.

ஒன்று மட்டும் என் பிழை. கேள்வியோடும் தொடங்கலாம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன், இப்போது கொப்பிக்குக் கொப்பி "கோணேசர் கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா?" (திருகோணமலையில் இருந்துகொண்டு!). ஒருத்தி மட்டும் கோட்டை வாசலில் மான் தன் சோற்றுப் பார்சலைத் தாளோடு இழுத்ததில் தொடங்கியிருக்கிறாள். அதை இன்னும் திருத்தவில்லை, இரண்டு தரம் வாசித்துவிட்டேன்.