எனக்கும் 1.1, அம்மாவுக்கும் 1.1

வைகைக்கரை:
போன மாதம் நானும் அம்மாவும் ஒரே காலையில் கிட்னி டெஸ்ட் எடுத்தோம், லேபில் ஆர்.எஃப்.டி. என்பார்களே, அதுதான். அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. எனக்கு 38. இருவருக்குமே கிரியேட்டினின் 1.1. இரண்டு தாளிலும் அது நார்மல் எல்லைக்குள்தான் இருந்தது. "உனக்கு என்னவோ அதேதான் எனக்கும்" என்று அம்மா தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டார்.

டாக்டர் விரலை வைத்தது கீழே இருந்த ஈ.ஜி.எஃப்.ஆர். வரியில், அதாவது கிட்னி எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்ற கணக்கு. எனக்கு 88, அம்மாவுக்கு 55. கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிற கழிவு. வயதாகித் தசை வற்றியவர்களுக்கு அது உருவாவதே குறைவு. அப்படியும் 1.1 வரை ஏறியிருக்கிறது என்றால் வடிகட்டுவது மெதுவாகிவிட்டது என்று பொருள். வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுவது அதற்காகத்தான். ஒரு தடவை 60க்குக் கீழே வந்தால் உடனே நோய் என்று எழுத மாட்டார்களாம். மூன்று மாதம் அப்படியே நீடிக்க வேண்டும். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஒழுகுகிறதா என்றும் பார்த்தார்கள். 30க்குள் இருக்க வேண்டியது 46. அதையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

மூட்டுவலிக்கு மெடிக்கலில் அம்மா தானாகக் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை கிட்னிக்கு ஆகாது என்று டாக்டர் அன்றே நிறுத்தச் சொன்னார். அம்மாவுக்கு இந்த எண்களைவிட அதுதான் பெரிய அதிர்ச்சி.

ரத்தம் எடுப்பதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு டியூப், முடிந்தது.

லேப் அக்கா:
வெறும் வயிறு வேண்டுமா என்று தினமும் கேட்கிறார்கள். இதற்கு மட்டும் என்றால் பொதுவாகத் தேவையில்லை. கூடவே சர்க்கரை, கொழுப்பு பார்ப்பதால்தான் அப்படிச் சொல்கிறோம். தண்ணீரைத் தாராளமாகக் குடித்துவிட்டு வாருங்கள், காய்ந்துபோய் வந்தால் இதே டெஸ்டில் பார்க்கும் யூரியா என்ற இன்னொரு கழிவு கூடுதலாகக் காட்டும், நரம்பும் சிக்காது. அப்புறம், கையை மூடி மூடித் திறக்காதீர்கள். பொட்டாசியம் பொய்யாக ஏறும். சாம்பிளில் ரத்த அணுக்கள் உடைந்தாலும் அப்படித்தான். பொட்டாசியம் மட்டும் தனியாக எகிறியிருந்தால் பல நேரம் மறுபடி ரத்தம் கேட்போம், பயந்துவிடாதீர்கள். ஆனால் கூப்பிட்டால் அன்றைக்கே வந்துவிடுங்கள், நிஜமாகவே ஏறியிருந்தால் இதயத் துடிப்பைக் கெடுக்கும்.

கரூர்க்காரன்:
எனக்குக் கிரியேட்டினின் 1.5 வந்து வீடே அல்லோலப்பட்டது. வயது 29, ஜிம் போகிறவன், தசைக்காகக் கிரியேட்டின் பவுடர் (உடலில் கிரியேட்டினினாக மாறுவது) சாப்பிடுகிறவன். முந்தின நாள் கடுமையான லெக் வொர்க்அவுட், ராத்திரி மட்டன் பிரியாணி. வேக வைத்த இறைச்சி சில மணி நேரத்துக்குக் கிரியேட்டினினை ஏற்றிவிடும் என்று டாக்டர் சொல்லித்தான் தெரியும். பவுடரையும் ஜிம்மையும் கொஞ்ச நாள் நிறுத்தி, இறைச்சி இல்லாமல் எடுத்ததில் 1.1. சிறுநீரிலும் ஒன்றுமில்லை. ஆனால் என் கதையைப் படித்துவிட்டு யாரும் "பிரியாணிதான் காரணம்" என்று தாங்களே முடிவு கட்டாதீர்கள், திரும்ப எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

வைகைக்கரை, அம்மா இப்போது மூட்டுவலிக்கு என்ன செய்கிறார்?

வைகைக்கரை:
டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால், கூடவே பிசியோதெரபி. பழைய மாத்திரை அளவுக்குக் கேட்கவில்லை என்று என்னிடம்தான் சண்டை.