ஒரே டொமைன்: பாதிப் பேர் அலுவலக சர்வரில், மீதிப் பேர் வெளியில். மெயிலை எப்படிப் பிரிப்பது?

செட்டித்தெரு:
சென்னை மண்ணடி தம்புச் செட்டித் தெருவில், துறைமுகச் சரக்குகளுக்குக் கிளியரிங் (சுங்க அனுமதி) வேலை பார்க்கும் சிறிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பொறுப்பு என்னுடையது. ஒரே டொமைனில் (முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) உள்ள எங்கள் 14 பேருக்கும் மெயில் வெளி நிறுவனம் ஒன்றின் சர்வரில் இருக்கிறது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் என்று ஸ்கேன் செய்தவற்றை அடுத்த மேசைக்கு அனுப்பினாலும் அவை வெளியே போய்த் திரும்பி வருவதால், மாலையில் இணைய இணைப்பு திணறுகிறது. எனவே அலுவலகத்திலேயே இருக்கும் 9 பேருக்காக ஒரு கணினியில் போஸ்ட்ஃபிக்ஸும் (மெயிலை அனுப்பிப் பெறும் மென்பொருள்) டவ்காட்டும் (பெட்டியில் வந்த மெயிலைப் படிக்கத் தரும் மென்பொருள்) நிறுவினேன். துறைமுகத்துக்கும் சிஎஃப்எஸ்களுக்கும் (கன்டெய்னர் சரக்கு நிலையங்கள்) அலையும் 5 பேர் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும். 9 பேருக்குள் மெயில் போகிறது. அந்த ஐவருக்கு அனுப்பினால் மட்டும் 'அப்படியொரு பயனர் இல்லை' என்று உடனே திரும்பிவிடுகிறது. எம்எக்ஸ் பதிவை (டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது) அலுவலகத்துக்கு மாற்றினால் சரியாகுமா?

தபால்பெட்டி:
எம்எக்ஸைத் தொடாதீர்கள், பிழை அங்கே இல்லை. உங்கள் டொமைனை போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்புக் கோப்பின் மைடெஸ்டினேஷன் வரியில் எழுதியிருப்பீர்கள். அப்படி எழுதினால், அந்த டொமைனின் எல்லா முகவரிகளும் தன்னிடமே இருப்பதாக போஸ்ட்ஃபிக்ஸ் எடுத்துக்கொள்ளும். தன்னிடம் இல்லாத ஐவரை வெளியே தேடிப் போகாது. டொமைனை அந்த வரியிலிருந்து நீக்கிவிட்டு, உள்ளே மட்டும் செல்லுபடியாகும் வேறொரு பெயரை அங்கே வையுங்கள். பிறகு விர்ச்சுவல் ஏலியஸ் பட்டியலில் (ஒரு முகவரிக்கு வருவதை இன்னொன்றுக்குத் திருப்பும் பட்டியல்) 9 பேரின் முகவரிகளை மட்டும் அந்த உள்பெயருக்குத் திருப்புங்கள். பட்டியலில் இல்லாதவை தாமாகவே வெளியே போகும்.

வெளியே போகும் மெயிலை நேரடியாக அனுப்பவும் முயல வேண்டாம். சாதாரண பிராட்பேண்ட் இணைப்புகள் பலவற்றில் 25ஆம் போர்ட் (சர்வர்கள் தமக்குள் மெயில் பரிமாறும் வழி) அடைபட்டிருக்கும். ஐபி முகவரியிலிருந்து சர்வரின் பெயரைக் காட்டும் தலைகீழ்ப் பதிவும் இருக்காது. இப்போதைய நிறுவனத்தின் சர்வரையே ரிலேஹோஸ்ட்டாக (நம் மெயிலை வாங்கி வெளியே அனுப்பும் சர்வராக) வைத்து, 587ஆம் போர்ட்டில் பயனர் பெயர், கடவுச்சொல்லோடு அனுப்பினால், ஏற்கெனவே உள்ள எஸ்பிஎஃப் பதிவே (டொமைனின் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்வது) போதும்.

ராயபுரத்தான்:
ஏலியஸ் யோசனை சரியானதே. ஆனால் அந்த 9 பேரில் யாராவது வீட்டிலிருந்து கைபேசியில் பழைய பெட்டியைத் திறந்தால், அலுவலகத்துக்குள் பரிமாறிய மெயில் எதுவும் அதில் தெரியாது என்பதை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறுநாள் காலையில் வரும் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன்.

மேலும், இணைப்பைத் திணறடிப்பது மெயில் அல்ல, இணைப்புக் கோப்புகளே என்பது என் எண்ணம். மெயிலில் ஏற்றும்போது கோப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 20 எம்பி ஸ்கேன் 27 எம்பியாகிவிடுவதால், 25 எம்பி வரம்புள்ள இடங்களில் அது நுழையாது. ஒரு பகிர்வுக் கோப்புறையை அமைத்து, ஸ்கேனர் நேரடியாக அதில் சேமிக்கும்படி செய்துவிட்டால், உங்களுக்கு மெயில் சர்வரே தேவைப்படாமல் போகலாம். அமைத்தே தீருவீர்கள் என்றால், கணினியைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் புயல் மழையில் எங்கள் அலுவலகத்தில் யுபிஎஸ் முழுகியதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

செட்டித்தெரு:
இருவருக்கும் நன்றி. ஏலியஸ் பட்டியல் எழுதியதும் ஐவருக்கும் மெயில் போய்விட்டது. கோப்புறை யோசனையையும் முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் ஒரு சந்தேகம்: வெளியிலிருந்து 9 பேருக்கும் வருவதை ஒரே பொதுப் பெட்டியில் விழவைத்து, ஃபெட்ச்மெயில் (வெளிப் பெட்டியிலிருந்து மெயிலை இறக்கும் மென்பொருள்) வழியாக எடுத்துப் பிரிக்கலாமா?

தபால்பெட்டி:
வேண்டாம். பிசிசியில் (மற்றவர்களுக்குத் தெரியாத நகல்) வரும் பெயர் மெயிலின் தலைப்பில் இருக்காது என்பதால், அது யாருக்கு வந்தது என்று ஃபெட்ச்மெயிலால் நிச்சயமாகக் கண்டுபிடிக்க முடியாது. 9 பெட்டிகளையும் தனித்தனியே வைத்து, ஒவ்வொன்றையும் அவரவர் கணக்குக்கு இறக்குங்கள். முதல் சில வாரங்களுக்கு, இறக்கிய மெயிலை வெளிச் சர்வரிலிருந்து அழிக்காதபடி கீப் என்ற அமைப்பையும் சேர்த்துவிடுங்கள்.