பாதி அரக்கனான நாயகன்

கேள்வி:
அமானுஷ்யக் காதல் மர்மக் கதைகளில் பாதி அரக்கனான நாயகன், காதல் கைகூடியதும் வெறும் மனிதனாகிவிடுவது எனக்குப் பெரும் ஏமாற்றமளிக்கிறது. அந்த இயல்பைக் கடைசிவரை கைவிடாத மரபு உண்டா?

மறுமொழி 1:
உண்டு. 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கதைகளில் வரும், ஆர்தர் மன்னனின் மந்திரவாதியான மெர்லின், பேய்க்குப் பிறந்ததால் கடந்த காலத்தையும் இறையருளால் வருங்காலத்தையும் அறிந்தவன். காதலி தன்னைச் சிறைவைப்பாள் என்று தெரிந்தும் அதற்கான மந்திரத்தை அவளுக்கே கற்றுக்கொடுக்கிறான். முட்புதரடியில் அவள் மடியில் தலைவைத்து அவன் உறங்கும்போது, அவள் தன் முக்காட்டுத் துணியால் ஒன்பது முறை வட்டமிடுகிறாள். எனக்கு இதைவிடத் திகிலான காதல் காட்சி வேறில்லை.

மறுமொழி 2:
மகாபாரதத்து இடும்பியும், அண்ணனின் ஏவலால் பாண்டவரைக் கொல்ல வந்த இடத்தில்தான் வீமன்மீது காதல் கொள்கிறாள். மகன் கடோற்கசனோ, கர்ணனின் வேல் பாய்ந்து வீழும்போதும் உடலைப் பெருக்கிக் கௌரவர் படையை நசுக்குகிறான்.