பூவாசம் வரும் மென்மையான சிங்கிள் மால்ட்: எப்படித் தொடங்குவது?

சாரல்:
ஸ்காட்லாந்து போய்வந்த நண்பர் ஒருவர் க்ளென்கின்ச்சி 12 வருட பாட்டில் ஒன்று கொடுத்திருக்கிறார். எனக்கு இதுவரை பீரும் ஒயினும்தான் பழக்கம், விஸ்கி என்றால் ஏதாவது விசேஷத்தில் சோடா நிறைய ஊற்றி ஒரு பெக், அவ்வளவுதான். முன்பு ஐலா தீவு மால்ட் ஒன்றை மோந்து பார்த்தேன், டிஞ்சர் வாசம், வாயில் வைக்கவே இல்லை. இந்த பாட்டிலைப் பற்றி மட்டும் பூவாசம், மென்மை என்று எல்லோரும் சொல்கிறார்கள். பார்லியைக் காய்ச்சி வடித்த சரக்கில் பூவாசம் எங்கிருந்து வரும், எசன்ஸ் கலப்பார்களா? எப்படிக் குடித்தால் அது தெரியும்?

பீப்பாய்:
எசன்ஸ் கிடையவே கிடையாது. ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து, செம்புக் கொப்பரையில் வடித்து, ஸ்காட்லாந்திலேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் வைத்தால்தான் அதை சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் என்று விற்க முடியும். பிறகு சேர்க்க அனுமதி உள்ளது தண்ணீரும் நிறத்துக்காகக் கொஞ்சம் கேரமலும்தான்.

வாசத்தின் பெரும்பகுதி பிறப்பது நொதிக்கும்போது. ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் வேலையோடு எஸ்டர்கள் என்ற வாசப்பொருள்களையும் உண்டாக்குகிறது, பழவாசம் அதிலிருந்துதான். ரோஜாவில் இருக்கும் ஃபீனைல் எத்தில் ஆல்கஹாலையும் அதே ஈஸ்ட் உண்டாக்கும், ஆகவே பூவாசம் என்பது வெறும் கற்பனை இல்லை. அடுத்தது கொப்பரை. கழுத்து உயரமாக இருந்தால் கனமான ஆவி மேலே ஏற முடியாமல் குளிர்ந்து திரும்ப உள்ளே விழும், லேசானது மட்டும் தாண்டிப் போகும். செம்பும் கந்தக நெடியைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் ஐலா மால்ட்டில் மோந்த டிஞ்சர் வாசம் பார்லியைப் பீட் (சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் கரிமண்) புகையில் உலர்த்துவதால் வருவது, க்ளென்கின்ச்சியில் அந்தத் தொந்தரவு இருக்காது.

எடின்பரோவுக்குத் தென்கிழக்கே, கிழக்கு லோத்தியனின் வயல்களுக்கு நடுவே இருக்கும் லோலேண்ட், அதாவது ஸ்காட்லாந்தின் தெற்குத் தாழ்நிலப் பகுதி வடிசாலை அது. ஆனால் அங்கே ஆவியைக் குளிர்விப்பது தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும் பழைய பாணி செம்புக் குழாயில். குழாய் செம்புதான் என்றாலும் ஆவி அதில் சீக்கிரமே திரவமாகிவிடுவதால் செம்பின் தொடர்பு குறைவு, அதனால் பூவாசத்துக்கு அடியில் கொஞ்சம் கனமும் தங்கிவிடுகிறது. லோலேண்ட் என்றாலே தண்ணி மாதிரி என்று சொல்பவர்கள் இதைப் பொறுமையாகக் குடித்துப் பார்க்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

வாய் குறுகிய கிளாஸ் எடுங்கள், ஒயின் கிளாஸ் போதும். 30 மில்லி ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். மூக்கை உள்ளே நுழைக்காமல் விளிம்புக்கு மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்து மோந்தால் எரிச்சல் இல்லாமல் வாசம் வரும். முதல் மிடறு ராவாக, அப்புறம் அரை டீஸ்பூன் தண்ணீர் விட்டு மறுபடி மோந்து பாருங்கள். ஐஸ் மட்டும் வேண்டாம்.

கத்திரிவெயில்:
ஐஸ் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை பாஸ். மே மாதச் சென்னையில் அறைவெப்பம் என்றால் 34 டிகிரி, அந்தச் சூட்டில் ராவாக ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் முதலில் ஏறும். பாட்டிலைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கலாம். அல்லது உயரமான கிளாஸில் ஐஸ் நிரப்பி ஒரு பங்கு விஸ்கிக்கு மூன்று பங்கு சோடா, எலுமிச்சைத் தோல் ஒரு கீற்று, ஹைபால் என்பார்கள், ஜப்பானில் ஊரே குடிக்கும் முறை, மென்மையான மால்ட்டுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

பீப்பாய்:
வெயில் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஏசி அறை இல்லையென்றால் பாட்டிலை லேசாகக் குளிர்விப்பது நல்லதுதான். ஆனால் முதல் கிளாஸிலேயே சோடா ஊற்றினால் சாரல் கேட்ட அந்த வாசம் என்னவென்றே அவருக்குத் தெரியாமல் போய்விடும். ஒருமுறை சும்மா மோந்து பழகட்டும், ஹைபால் அப்புறம்.

மீனாட்சிபுரம்:
சைடிஷ் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஊறுகாய், சிக்கன் 65, மிளகு தூக்கலான சுக்கா, எல்லாமே இந்த வகை விஸ்கியைக் கொன்றுவிடும், நாக்கு எரிந்தபிறகு பூவாவது காயாவது. உப்பில்லாத முந்திரி, பாதாம், பேரிக்காய்த் துண்டு இப்படி வைத்துக்கொள்ளுங்கள், காரத்தைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள். இன்னொன்று, மென்மை என்றால் போதை குறைவு என்று அர்த்தமில்லை, க்ளென்கின்ச்சி 43 சதவீதம், எரிச்சல் தெரியாததால் வேகமாக உள்ளே போய்விடும். பக்கத்தில் தண்ணீர் டம்ளர் இருக்கட்டும், வண்டிச் சாவியை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

சாரல்:
எல்லோருக்கும் நன்றி, நேற்று இரவு பீப்பாய் சொன்னபடி செய்தேன். ராவாகக் குடித்தபோது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, தண்ணீர் விட்டதும் பச்சை ஆப்பிள் போலவும் காய்ந்த புல் போலவும் ஒரு வாசம் எழுந்தது, நிஜமாகவே ஆச்சரியம். அடுத்து எதை வாங்கலாம்? மீதியை எத்தனை நாள் வைத்துக் குடிக்கலாம்?

பீப்பாய்:
க்ளென்மோரஞ்சி ஒரிஜினல் வாங்குங்கள். வடக்கே டெய்ன் ஊரில் 1843இல் தொடங்கிய வடிசாலை, அதன் கொப்பரைக் கழுத்துகளின் உயரம் 5.14 மீட்டர். மேலே சொன்ன உயரமான கழுத்து விஷயம் கிளாஸில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க அதைவிட நல்ல பாட்டில் எனக்குத் தெரியாது. இந்த ஒரிஜினல் முன்பு 10 வருடம் முதிர்ந்ததாக இருந்தது, 2024 முதல் 12 வருடம். போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் முதிர்வதால் ஆரஞ்சோடு வெனிலாவும் வரும். லோலேண்டிலேயே தொடர வேண்டுமென்றால் கிளாஸ்கோ பக்கத்து ஆக்கென்டோஷன், வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று முறை வடிப்பார்கள், இன்னும் லேசு.

பாட்டிலை நிற்க வைத்தே வையுங்கள், படுக்க வைத்தால் சரக்கு பட்டுப்பட்டு கார்க் கெட்டுவிடும். வெயில் படாத அலமாரியில் பாதிக்குமேல் இருக்கும்வரை பல மாதம் தாங்கும். கால் பாட்டிலுக்குக் கீழே இறங்கினால் காற்று வாசத்தைத் தின்ன ஆரம்பிக்கும், அப்போது சின்ன பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.